"இதோ வர்றேன்" சொல்லத் தெரிந்த நிரல்

போன மாதம் ஒரு தப்பான அட்டவணையை ஒருத்தருக்கு அனுப்பிவிட்டேன். தப்புக்குக் காரணம் நான் தினமும் ராத்திரி அழுத்திய கன்ட்ரோல்-சி. கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிரல் நிற்கும், அதில் தப்பு எங்கேயிருந்து வரும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். 'அந்தப் பையன்' என்றும் எழுதுகிறார்கள், 'அந்த பையன்' என்றும் எழுதுகிறார்கள். இலக்கணம் என்ன சொல்கிறது என்று தெரியும். நடப்பில் எது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை மொத்தமாக இறக்கி, 400 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வரும் சொல்ஜோடிகளை எண்ணுகிற பைதான் நிரல் ஒன்றை எழுதினேன். சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. 400 துண்டுக்கு 4,000 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 67 மணி நேரம்.

என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. அதன் விசிறி போடும் சத்தத்தில் ராத்திரி வீட்டில் யாரும் தூங்க முடியாது. அதனால் படுக்கப் போகும்போது நிறுத்துவேன், காலையில் மறுபடி ஓட்டுவேன். வெளியே போனாலும் நிறுத்துவேன். எல்லாம் முடிவதற்குள் இருபது தடவைக்கு மேல் நிறுத்தியிருப்பேன்.

இந்த நிறுத்தலை நான் மூன்று விதமாகக் கையாண்டேன். மூன்றும் தப்பு. வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று தப்புகள்

முதல் தடவை நிறுத்துவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எண்ணிக்கை முழுக்க நினைவகத்தில் இருந்தது. கடைசியில்தான் கோப்பில் எழுதும். முதல் ராத்திரி கன்ட்ரோல்-சி அழுத்தினேன். பன்னிரண்டு மணி நேர வேலை ஒரு நொடியில் காலி. இது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கிறதுதான்.

அடுத்து, பைதானில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் 'கீபோர்ட் இன்டரப்ட்' என்று ஒரு எக்ஸெப்ஷன் வரும் இல்லையா, அதைப் பிடித்து, அந்த இடத்தில் எண்ணிக்கையைக் கோப்பில் எழுதினேன். நிறுத்த ஐந்தாறு நொடி ஆனது. பொறுமை இல்லாமல் இன்னொரு தடவை கன்ட்ரோல்-சி அழுத்தினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரல் செத்தது. காலையில் பார்த்தால் கோப்பு பாதியில் நின்றிருந்தது, கடைசி அடைப்புக்குறி இல்லாமல். பழைய கோப்பின் மேலேயே எழுதியதால் முந்தைய நாள் கணக்கும் சேர்ந்து போனது.

மூன்றாவது தடவை உஷாராக இருந்தேன். எண்ணிக்கைக்கு ஒரு கோப்பு, எந்தத் துண்டு வரை முடித்தோம் என்பதற்கு ஒரு கோப்பு. எழுதும்போது பொறுமையாகக் காத்திருந்தேன். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது. அட்டவணை அழகாக வந்தது. ஒரு தமிழாசிரியர் ரொம்ப ஆவலாகக் கேட்டிருந்தார், அவருக்கு அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து, அபூர்வமான ஒரு சொல்ஜோடி எங்கெல்லாம் வருகிறது என்று நேரடியாகத் தேடிப் பார்த்தேன். 14 இடம். என் அட்டவணையில் 19 என்று இருந்தது.

முதல் இரண்டு தப்பும் வலித்தது, ஆனால் தப்பு என்று உடனே தெரிந்தது. மூன்றாவதுதான் ஆபத்து. நிரல் ஒரு பிழைச்செய்தியும் காட்டவில்லை. எல்லாம் ஒழுங்காக முடிந்த மாதிரியே இருந்தது. எண் மட்டும் தப்பு.

கன்ட்ரோல்-சி அழுத்தினால் என்ன நடக்கிறது

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு படி கீழே இறங்க வேண்டும். லினக்ஸ், மேக் மாதிரி யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களை வைத்துச் சொல்கிறேன்.

கன்ட்ரோல்-சி அழுத்தும்போது டெர்மினலுக்கு 3 என்ற எண் கொண்ட ஒரு பைட் போகிறது. அது உங்கள் நிரலுக்கு எழுத்தாக வந்து சேராது. நடுவில் கெர்னலில் உள்ள டெர்மினல் பகுதி அதைப் பார்த்துவிட்டு, அந்த டெர்மினலில் இப்போது முன்னணியில் ஓடும் ப்ராசஸ் குழுவுக்கு ஒரு சிக்னலை அனுப்புகிறது. அதன் பெயர் சிக்-இன்ட், எண் 2. சிக்னல் என்பது அவ்வளவுதான், ஒரு எண். கூடவே கடிதம் எதுவும் வராது.

சிக்னல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நிரல் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அப்படிச் சொல்லி வைக்கும் ஃபங்ஷனுக்கு ஹேண்ட்லர் என்று பெயர். எதுவும் சொல்லாவிட்டால் இயல்பான நடவடிக்கை நடக்கும். சிக்-இன்ட்டுக்கு இயல்பு, ப்ராசஸை முடித்துவிடுவது.

நாம் அடிக்கடி சந்திக்கும் மற்றவை: 'தயவுசெய்து முடித்துக்கொள்' என்று இன்னொரு நிரல் கேட்பது சிக்-டெர்ம், எண் 15. வெறும் 'கில்' கட்டளை அனுப்புவது இதைத்தான். டெர்மினல் மூடப்பட்டது என்று சொல்வது சிக்-ஹப், எண் 1. தொலைபேசி இணைப்பில் மோடம் வைத்து வேலை செய்த காலத்தில் மறுமுனை போனை வைத்துவிட்டது என்பதற்கான பெயர் அது, இன்றும் அப்படியே இருக்கிறது. கடைசியாக சிக்-கில், எண் 9. இதைப் பிடிக்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. கெர்னல் உங்களைக் கேட்காது. கரண்ட் போகிற மாதிரி.

பைதான் ஆரம்பத்திலேயே சிக்-இன்ட்டுக்கு ஒரு ஹேண்ட்லரைத் தானாகப் போட்டுவிடுகிறது. அதுதான் கீபோர்ட் இன்டரப்ட்டைக் கிளப்புகிறது. சிக்-டெர்முக்கு அப்படி எதுவும் போடுவதில்லை. அதனால் 'ஃபைனலி' பகுதியில் நீங்கள் பொறுப்பாக எழுதி வைத்த வேலைகள் கன்ட்ரோல்-சி அழுத்தினால் நடக்கும், சிக்-டெர்ம் வந்தால் நடக்காது. என் நண்பர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. முயன்று பாருங்கள்.

எந்த வரியில் வரும்?

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிக்னல் எப்போது வரும் என்று நிரலுக்குத் தெரியாது. எந்த இரண்டு வரிகளுக்கு நடுவிலும் வரலாம். ஒரே வரியின் நடுவிலும் வரலாம், ஏனென்றால் பைதானில் ஒரு வரி உள்ளுக்குள் பல சிறிய கட்டளைகளாக ஓடுகிறது.

என் நிரல் ஒரு துண்டை எடுத்து, அதில் உள்ள ஜோடிகளை ஒவ்வொன்றாக மொத்த எண்ணிக்கையில் கூட்டிக்கொண்டே போகும். துண்டு முடிந்ததும் 'துண்டு 137 முடிந்தது' என்று குறித்துக்கொள்ளும். துண்டு 138-ன் நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் என்ன ஆகும்? பாதித் துண்டின் ஜோடிகள் மொத்தத்தில் ஏற்கெனவே கூடிவிட்டன. குறிப்போ 137-லேயே நிற்கிறது. இரண்டையும் பத்திரமாகக் கோப்பில் எழுதிவிட்டு நிரல் நிற்கிறது. காலையில் 138-ஐ முதலிலிருந்து தொடங்குகிறது. பாதித் துண்டு இரண்டு தடவை எண்ணப்பட்டது.

கல்யாண மண்டபத்தில் பந்தியில் ஆளை எண்ணுகிறவர் மாதிரி. நடு வரிசையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு, திரும்பி வந்து அந்த வரிசையை முதலிலிருந்து எண்ணுகிறார். ஆனால் மனதில் இருந்த கூட்டுத்தொகையை விடவில்லை. இருபது தடவை அப்படிப் போய் வந்தால் இலை எண்ணிக்கை எங்கே போகும்? என் 14 எப்படி 19 ஆனது என்று புரிந்துவிட்டது.

பல மாதிரி ஜோடிகளுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. லட்சத்தில் ஓராயிரம் கூடினால் சதவீதம் அசையாது. அபூர்வமான ஜோடிகள்தான் ஒன்றிரண்டு துண்டுகளில் குவிந்திருக்கும், அங்கேதான் அடி. நான் சுவாரசியமானது என்று அடிக்கோடிட்டு அனுப்பியதெல்லாம் அந்த அபூர்வமான ஜோடிகள்தான்.

பெரியவர்களுக்கும் நடந்தது

என் நிரல் சின்னது, நான் ஒரே ஆள். ஆனால் இதே ரகத் தப்பு உலகத்தின் சர்வர்களில் பெரும்பாலானவை நம்பியிருக்கும் ஒரு நிரலிலும் நடந்திருக்கிறது.

ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரில் இணைகிறவர் இயல்பாக 120 நொடிக்குள் தன்னை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் சிக்-அலாரம் என்ற சிக்னல் அடிக்கும். அதன் ஹேண்ட்லர், 'இவர் நேரத்துக்குள் உள்ளே வரவில்லை' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதும். பார்த்தால் நல்ல வேலைதானே? ஆனால் அந்த ஒரு வரியை எழுதும் ஃபங்ஷன் உள்ளுக்குள் நினைவகம் கேட்டு வாங்கும். சிக்னல் வந்த நொடியில் முதன்மை நிரலும் நினைவகம் வாங்குவதன் நடுவில் இருந்தால்? பாதி மாற்றிய கணக்குப் புத்தகத்தை இன்னொரு கை எடுத்து எழுதத் தொடங்குகிறது. நினைவகத்தின் கணக்கு சிதைகிறது.

2006-ல் இது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. 2020 அக்டோபரில் பதிவேடு எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது அந்தத் திருத்தம் தவறுதலாக நீங்கியது. 8.5பி1 பதிப்பிலிருந்து ஓட்டை மறுபடி திறந்தது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள், 'ரெக்ரெஷன்' என்ற சொல்லுக்குள் எஸ்எஸ்எச்-ஐ நுழைத்து ஒரு பெயரும் வைத்தார்கள். 32-பிட் லினக்ஸ் ஒன்றில் சராசரியாகப் பத்தாயிரம் தடவை முயன்றால் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் ரூட் அதிகாரத்தோடு உள்ளே போக முடிந்தது என்று காட்டினார்கள். 9.8பி1-ல் சரி செய்யப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அந்த ஹேண்ட்லர் கூப்பிடுவது, சிக்னலுக்கு நடுவிலும் பாதுகாப்பாக ஓடும்படி தனியாக எழுதப்பட்ட பதிவு ஃபங்ஷனை.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு இதனால் ஒரு கறாரான விதி உண்டு. ஹேண்ட்லருக்குள் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதற்கு வெளியே கை வைக்கக்கூடாது. திரையில் அச்சிடும் 'பிரின்ட்எஃப்', நினைவகம் கேட்கும் 'மாலாக்' இரண்டும் பட்டியலில் இல்லை. பைதானில் நாம் எழுதும் ஹேண்ட்லர் இரண்டு உள்கட்டளைகளுக்கு நடுவில்தான் ஓடும் என்பதால் நினைவகம் சிதையாது. ஆனால் நம் கணக்கு சிதையலாம். பைதானுக்கு மாலாக்கைக் காப்பாற்றத் தெரியும், என் துண்டு 138-ஐக் காப்பாற்றத் தெரியாது.

குரல் கொடுத்துவிட்டு வேலையை முடிப்பது

அடுப்பில் தோசை வெந்துகொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். என்ன செய்வோம்? "இதோ வர்றேன்" என்று குரல் கொடுப்போம். தோசையை எடுப்போம், அடுப்பை அணைப்போம், பிறகு போவோம். சிக்னல் வந்ததும் ஹேண்ட்லர் செய்ய வேண்டியது அந்தக் குரல் மட்டும்தான். ஒரு மாறியில் 'நிறுத்தச் சொன்னார்கள்' என்று குறித்துவிட்டுத் திரும்ப வேண்டும். எழுதுவது, மூடுவது, சேமிப்பது எல்லாம் முதன்மை நிரலின் வேலை, அது தேர்ந்தெடுத்த இடத்தில். என் நிரலின் புது வடிவம் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

நிறுத்தணுமா = இல்லை

சிக்-இன்ட் அல்லது சிக்-டெர்ம் வந்தால்:
    நிறுத்தணுமா = ஆம்
    கன்ட்ரோல்-சி-யை இயல்பு நிலைக்கு மாற்று

ஒவ்வொரு துண்டுக்கும்:
    இதன் விடைக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அடுத்த துண்டுக்குப் போ
    எண்ணிக்கை = இந்தத் துண்டை மட்டும் எண்ணு
    எண்ணிக்கையைத் தற்காலிகக் கோப்பில் எழுது
    தற்காலிகக் கோப்புக்கு விடைக் கோப்பின் பெயரை வை
    நிறுத்தணுமா என்பது ஆம் என்றால் வெளியே வா

ஹேண்ட்லரில் இரண்டாவது வரி எதற்கு? முதல் கன்ட்ரோல்-சி 'முடித்துவிட்டு நில்' என்று அர்த்தம். மனிதர் பொறுமை இழந்து இரண்டாவது தடவை அழுத்தினால் அது 'இப்பவே நில்'. அந்த உரிமையை அவரிடமிருந்து பிடுங்கக்கூடாது. எத்தனை தடவை அழுத்தினாலும் நிற்காத நிரலைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. முதல் தடவை 'இந்தத் துண்டை முடித்ததும் நிற்கிறேன், அவசரமென்றால் மறுபடி அழுத்துங்கள்' என்று ஒரு வரி காட்டுவதும் நல்லது. அதையும் ஹேண்ட்லருக்குள் செய்ய வேண்டாம், முதன்மை நிரல் கொடியைப் பார்த்துக் காட்டட்டும்.

வந்த சிக்னல்களை எண்ணி முடிவெடுக்கவும் வேண்டாம். ஒரே சாதாரண சிக்னல் கையாளப்படும் முன் பல தடவை வந்தால் கெர்னல் அதை ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். மணி அடித்ததா இல்லையா என்பதுதான் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிரல் வேலை செய்யாமல் எதற்காவது காத்துக்கொண்டிருந்தால்? நெட்வொர்க்கிலிருந்து தரவு வர, அல்லது சும்மா பத்து நிமிடம் தூங்க? கொடியைப் பார்க்க ஆள் விழித்திருக்க வேண்டுமே.

இந்தக் கேள்விக்கு யூனிக்ஸ் சொன்ன பதில் பிரபலமானது. 1990களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் கேப்ரியல் எழுதிய 'மோசமானதே மேல்' என்ற கட்டுரையில் இந்தக் கதை வருகிறது. எம்ஐடி-யைச் சேர்ந்த ஒருவர் யூனிக்ஸ்காரர் ஒருவரிடம் கேட்கிறார்: கெர்னலின் நடுவில் ஒரு நீண்ட வேலை நடக்கும்போது இடையூறு வந்தால் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எம்ஐடி பக்கத்து இயங்குதளம் நிரலுக்கே தெரியாதபடி எல்லாவற்றையும் பின்னோக்கி அவிழ்த்து மறுபடி செய்யும். யூனிக்ஸ்காரர் சொன்ன பதில் வேறு: வேலை முடியவில்லை என்று ஒரு பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், நிரல் எழுதுகிறவர் பார்த்து மறுபடி முயலட்டும். கெர்னல் எளிமையானது, சுமை நம் தலையில் ஏறியது. அந்தப் பிழைக்கு 'ஈ-இன்டர்' என்று பெயர். சி நிரல்களில் இன்றும் அதைச் சரிபார்க்கும் வரிகளைப் பார்க்கலாம்.

பைதான் 3.5-லிருந்து, ஹேண்ட்லர் எக்ஸெப்ஷன் எதையும் கிளப்பாவிட்டால், அந்த மறுமுயற்சியைப் பைதானே செய்துகொள்கிறது. வசதிதான், ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். 600 நொடி தூங்கச் சொல்லிவிட்டு, கொடி மட்டும் ஏற்றும் ஹேண்ட்லரை வைத்தால், கன்ட்ரோல்-சி அழுத்தியதும் கொடி ஏறும், நிரல் மீதித் தூக்கத்தைத் தொடரும். எளிய தீர்வு: ஒரே மூச்சில் 600 நொடி தூங்காமல் ஒவ்வொரு நொடியாகத் தூங்கி நடுவில் கொடியைப் பார்ப்பது. நெட்வொர்க் சர்வர்களில் இன்னொரு உத்தி உண்டு. நிரல் தனக்குத்தானே ஒரு குழாய் திறந்து வைத்துக்கொள்ளும். ஹேண்ட்லர் அதில் ஒரு பைட் போடும். மற்ற இணைப்புகளோடு சேர்த்து அந்தக் குழாயையும் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல் உடனே விழித்துக்கொள்ளும். டேனியல் பெர்ன்ஸ்டைன் பெயரால் அறியப்படும் உத்தி இது.

கரண்ட் போனாலும் சரியாக இருக்கணும்

கொடி ஏற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் மறுபடி மாட்டுவோம். சிக்-கில் வரும்போது குரல் கொடுக்க நேரம் கிடையாது. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்து இதைத்தான் அனுப்புகிறது. பேட்டரி தீர்ந்தால் அதுகூட வராது.

அதனால் வரிசையை மாற்றி யோசிக்க வேண்டும். எந்த நொடியில் செத்தாலும் வட்டில் இருப்பது சரியாக இருக்க வேண்டும் என்பது முதல் வேலை. சிக்னலை மரியாதையாகக் கையாள்வது அதற்கு மேலே வரும் வசதி. நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

மேலே உள்ள நிரலில் இதற்காக இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றுவது. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுவதை யூனிக்ஸ் பிளவுபடாத செயலாகச் செய்கிறது. பார்க்கிறவருக்குப் பழையது தெரியும் அல்லது புதியது தெரியும், பாதி தெரியாது. கரண்ட் போவதற்கும் தாங்க வேண்டுமென்றால் பெயர் மாற்றும் முன் 'எஃப்சிங்க்' கூப்பிட்டு, எழுதியது உண்மையாகவே வட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, எண்ணிக்கையையும் 'எதுவரை முடித்தோம்' என்ற குறிப்பையும் தனித்தனியாக வைக்காதது. என் தப்பின் வேர் அங்கேதான் இருந்தது. இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் ஒருநாள் ஒத்துப்போகாது. இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனி விடைக் கோப்பு. துண்டு 138-ன் கோப்பு இருந்தால் 138 முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. தனியாக ஒரு குறிப்பு தேவையே இல்லை. எல்லாம் முடிந்தபின் 400 கோப்பையும் கூட்டினால் போதும். தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் இரண்டு மாற்றத்தையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் போட்டால் இதே பலன் கிடைக்கும்.

எவ்வளவு நேரம் கொடுப்பார்கள்?

டெர்மினலில் நாம் நிறுத்தினால் நாமே காத்திருப்போம். இயந்திரம் நிறுத்தினால் அது கெடு வைக்கும். லினக்ஸில் சிஸ்டம்-டி ஒரு சேவையை நிறுத்தும்போது முதலில் சிக்-டெர்ம் அனுப்பி, இயல்பாக 90 நொடி காத்திருந்து, பிறகு சிக்-கில் அனுப்பும். குபர்னெட்டீஸ் 30 நொடி. டாக்கர் 10 நொடிதான். இவை மாற்றக்கூடிய எண்கள், ஆனால் முடிவில்லாத நேரம் யாரும் தர மாட்டார்கள்.

'இந்தத் துண்டை முடித்துவிட்டு வர்றேன்' என்பது துண்டு சின்னதாக இருந்தால்தான் செல்லும். என் துண்டு பத்து நிமிடம். எந்தக் கெடுவுக்குள்ளும் அடங்காது. அதனால் 400-ஐ 4,000 ஆக்கினேன். இப்போது ஒரு துண்டு ஒரு நிமிடம். எப்படிச் செத்தாலும் இழப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் இல்லை.

டாக்கர் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு பொறி. கன்டெய்னருக்குள் உங்கள் நிரல் முதல் ப்ராசஸாக, அதாவது எண் 1 ஆக ஓடும். எண் 1-க்கு லினக்ஸ் தனிச் சலுகை தருகிறது: ஹேண்ட்லர் வைக்காத சிக்-டெர்ம் அதைத் தொடாது. உங்கள் நிரல் ஷெல்லுக்கு உள்ளே தொடங்கப்பட்டிருந்தால் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடவும் கூடும். நிறுத்தும்போதெல்லாம் சரியாகப் பத்து நொடி இழுக்கிறது என்றால் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அது மெதுவாக நிற்கவில்லை, நிற்காமல் இருந்து கொல்லப்படுகிறது. வெளியேறும் எண் 137 என்று இருந்தால் உறுதி. 128-ஓடு சிக்னல் எண்ணைக் கூட்டுவது ஷெல்லின் வழக்கம்: 137-ல் சிக்-கில், 143-ல் சிக்-டெர்ம், 130-ல் கன்ட்ரோல்-சி.

நான் பிறகு வேலையை நாலு துணை ப்ராசஸ்களுக்குப் பிரித்தேன். அங்கேயும் ஒரு பாடம். கன்ட்ரோல்-சி முன்னணிக் குழு முழுவதுக்கும் போகிறது, தலைமை ப்ராசஸுக்கு மட்டும் இல்லை. அதனால் நாலு பிள்ளைகளும் அந்தந்த இடத்தில் செத்தன. பிள்ளைகள் சிக்-இன்ட்டைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், தலைமை மட்டும் கேட்டுவிட்டுப் புது வேலை தருவதை நிறுத்தட்டும் என்று மாற்றியதும் சரியானது.

கொன்று பார்த்தால்தான் தெரியும்

இந்த மாதிரி தப்பு நிரலைப் படித்தால் கண்ணில் படாது. அதனால் ஒரு சோதனை எழுதினேன். பத்துச் சின்னத் துண்டுகளை எடுத்து, இடையூறே இல்லாமல் ஒரு தடவை ஓட்டி, விடையை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே வேலையைத் தொடங்கி, ஏதோ ஒரு நொடியில் சிக்-கில் அனுப்பிக் கொல்ல வேண்டும். மறுபடி தொடங்கு, மறுபடி கொல்லு, வேலை முடியும் வரைக்கும். கடைசியில் இரண்டு விடையும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும்.

முதல் ஓட்டத்திலேயே ஒத்துப்போகவில்லை. செத்துப்போன ஓட்டம் விட்டுச்சென்ற தற்காலிகக் கோப்பு ஒன்று அந்தக் கோப்புறையிலேயே கிடந்தது. கூட்டும் நிரல் கண்ணில் பட்ட கோப்பையெல்லாம் கூட்டிவிட்டது. விடைக் கோப்புகளை மட்டும் எடுக்கும்படி மாற்றினேன். அதற்கப்புறம் ராத்திரி முழுக்க (விசிறிச் சத்தத்தோடு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு) கொன்று கொன்று ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒத்துப்போனது.

பிறகு முழு எண்ணிக்கையையும் புதிதாக ஓட்டினேன். அபூர்வமான அந்த ஜோடிக்கு 14 வந்தது.

ஆசிரியருக்குப் போன் பண்ணினேன். "ஐயா, நான் அனுப்பின அட்டவணையில சில எண்ணு தப்பா இருக்கு, புதுசு அனுப்புறேன்" என்றேன். "அடடா, பிள்ளைகளுக்கு அச்செடுத்துக் கொடுத்துட்டேனேப்பா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எப்படித் தப்பானது என்று கேட்டார். சிக்னல், ஹேண்ட்லர் எல்லாம் சொல்லாமல் பந்தி எண்ணுகிறவர் கதையைச் சொன்னேன். "அப்ப அந்த ஆள் வரிசை முடிஞ்சப்புறம்தான் எழுந்து போகணும்ங்கிற" என்றார்.

அவ்வளவுதான் ஐயா, என்றேன். புது அட்டவணை அவர் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழையதை வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள்.